உலகம் வைக்கும் விலையும் ஊர் வைக்கும் விலையும்

எமது ஊரில் சலூன் வைத்திருக்கும் தம்பி ஒருவர் மகனுக்குச் சட்டைத் துணி எடுக்க என் கடைக்கு வந்தார். பில் போடும்போது மேசையில் கிடந்த கல்குலேட்டரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"நானா, நான் இருபத்தைந்து வருஷமா பிடிக்கிறது இதே கத்தரிக்கோலும் சீப்புந்தான். ஒரு தலைக்கு எடுக்கிற நேரமும் அதேதான். ஆனா கூலி மட்டும் ஏறிக்கொண்டே போகுது. அந்த நாளையில இந்தக் கல்குலேட்டர் வாங்க ஒரு நாள் முழுக்க முடி வெட்டினாலும் காணாது. இண்டைக்கி ரெண்டு மூணு தலை வெட்டினா வாங்கலாம். இது என்ன கணக்கு?"

அந்த நேரத்தில் கடையில் ஆட்கள் நின்றதால் சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. விலைகள் எல்லாம் கூடிவிட்டன என்று நாம் பொதுவாகச் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் எல்லா விலையும் ஒன்றாகக் கூடுவதில்லை. சில விலைகள் ஒரே நாளில் பாய்கின்றன. சில விலைகள் மெல்ல மெல்ல ஏறி, ஏறிய இடத்திலேயே நின்றுவிடுகின்றன. சில இறங்கவும் செய்கின்றன. எந்த விலை எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரியாமல் வியாபாரம் செய்ததால் 2022 ஆம் ஆண்டில் நம்மில் பலர் அடிபட்டோம். நானும் அடிபட்டவன்தான். அந்தக் கதையைப் பின்னர் சொல்கிறேன். முதலில் பாடத்தைப் பார்ப்போம்.

இரண்டு வகை விலைகள்

இலங்கை ஒரு சிறிய நாடு. வெளியுலகத்தோடு கொடுக்கல் வாங்கல் இல்லாமல் அதனால் ஒரு மாதம்கூட ஓட்ட முடியாது. எரிபொருள், கோதுமை, பருப்பு, மருந்து, துணி, இரும்பு எல்லாம் கப்பலில் வருகின்றன. தேயிலை, தைத்த ஆடை, இறப்பர்ப் பொருட்கள், கறுவா, இரத்தினக்கல் எல்லாம் கப்பலிலோ விமானத்திலோ போகின்றன. இப்படி வந்து போகும் பொருட்களின் விலையை நாம் தீர்மானிப்பதில்லை. உலகச் சந்தையில் மசகு எண்ணெய் என்ன விலையோ அதுதான் நமக்கும் விலை. ஐரோப்பாவிலிருந்து ஆடை வாங்குபவர் ஒரு சட்டைக்கு இத்தனை டொலர்தான் தருவேன் என்றால், நமது தொழிற்சாலைக்காரர் அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஓடர் பங்களாதேஷுக்கோ வியட்நாமுக்கோ போய்விடும். இவற்றை உலக விலைப் பொருட்கள் என்று வைத்துக்கொள்வோம். இவற்றின் ரூபா விலை டொலர் விலை, நாணயமாற்று வீதம், அரசாங்க வரி ஆகிய மூன்றிலும் தங்கியிருக்கிறது.

இன்னொரு பக்கம் முடி வெட்டுதல், மேசன் வேலை, கடை வாடகை, முச்சக்கர வண்டிக் கூலி, பிள்ளைகளின் டியூஷன் கட்டணம், கல்யாண மண்டப வாடகை இருக்கின்றன. எமது ஊரில் முடி வெட்டும் கூலி கூடிவிட்டது என்பதற்காக யாரும் சென்னைக்குப் போய் வெட்டிக்கொண்டு வரமாட்டார்கள். சீனாவிலிருந்து சலூனைக் கொள்கலனில் ஏற்றி இறக்கவும் முடியாது. இந்த விலைகளை ஊர்தான் தீர்மானிக்கிறது. ஊரில் எவ்வளவு காசு புழங்குகிறது, வேலைக்கு ஆள் கிடைக்கிறதா, அந்த ஆளுக்கு என்ன சம்பளம் என்பவையே இங்கு கணக்கு. இவற்றை ஊர் விலைகள் என்போம்.

எமது கடைகள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. நான் விற்கும் சேலையில் ஒரு பகுதி உலக விலை. அது இந்தியாவிலிருந்தோ சீனாவிலிருந்தோ புறக்கோட்டைக்கு வந்து என் கடைக்கு வருகிறது. மறு பகுதி வாடகை, சிப்பந்திகளின் சம்பளம், லொறிக் கூலி. அது ஊர் விலை. ஒரே சேலைக்குள் இரண்டு வகை விலையும் மடிந்து கிடக்கின்றன.

சம்பளம் என்னும் பாலம்

இனி சலூன் தம்பியின் கேள்விக்கு வருவோம். இரண்டு வகை விலைகளும் தனித்தனியே இருந்தாலும் அவற்றை இணைக்கும் ஒரு பாலம் உண்டு. அதுதான் சம்பளம்.

ஓ.எல். முடித்த ஓர் இளைஞனை எடுத்துக்கொள்வோம். அவனுக்கு முன்னால் நான்கைந்து வழிகள் இருக்கின்றன. ஆடைத் தொழிற்சாலைக்குப் போகலாம், மேசனுக்குக் கையாளாகப் போகலாம், முச்சக்கர வண்டி ஓட்டலாம், கட்டாருக்குப் போகலாம், நமது கடையில் நிற்கலாம். தொழிற்சாலையில் கூடுதலாகக் கொடுத்தால் அங்கே போவான். அவனை வைத்துக்கொள்ள வேண்டுமானால் சலூன்காரரும் கடைக்காரரும் ஏறக்குறைய அதற்குச் சமமாகக் கொடுத்தாக வேண்டும். ஒரு துறையில் ஏறிய சம்பளம் மற்றத் துறைகளையும் இழுத்துக்கொண்டு போவது இப்படித்தான்.

தொழிற்சாலைக்காரர் எப்படிக் கூட்டிக் கொடுக்கிறார்? புதிய இயந்திரம் போடுகிறார், வேலையை ஒழுங்குபடுத்துகிறார். நேற்று 100 சட்டை தைத்த இடத்தில் இன்று 104 சட்டை வருகிறது. உலகச் சந்தையில் சட்டையின் விலையும் 2 வீதம் கூடினால், அவரால் ஏறக்குறைய 6 வீதம் சம்பளம் கூட்ட முடியும். சட்டையின் விலையை அவர் தன் பாட்டுக்குக் கூட்டத் தேவையில்லை.

சலூனிலும் சம்பளம் 6 வீதம் கூட வேண்டும். ஆனால் அங்கே ஒரு நாளைக்கு வெட்டும் தலைகளின் எண்ணிக்கை பெரிதாகக் கூடுவதில்லை. ஒரு வீதம் கூடியது என்றே வைப்போம். மீதி 5 வீதத்தைக் கூலியில் போடுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. உலக விலைப் பொருட்கள் 2 வீதமும் ஊர் விலைகள் 5 வீதமும் ஏறுகின்றன. இரண்டும் பாதிப் பாதி என்றால் நாட்டின் பணவீக்கம் 3.5 வீதம். இதில் யாருடைய பேராசையும் இல்லை. கத்தரிக்கோல் அப்படியே இருக்க, தொழிற்சாலையில் இயந்திரம் முன்னேறியதன் விலையைத்தான் சலூனுக்குப் போகிறவர் கொடுக்கிறார்.

இந்தக் கணக்கைத் தெளிவாகப் போட்டுக் காட்டியவர்கள் நமது நாட்டை விட ஆட்தொகையில் சிறிய நாடுகளைச் சேர்ந்தவர்கள். நோர்வேயில் ஒட் ஒவ்க்ருஸ்ட் என்ற பொருளியலாளர் 1960களில் தொழிற்சங்கங்களும் முதலாளிமாரும் சம்பளம் பேசும் மேசைக்காக இதைத் தயாரித்தார். சில ஆண்டுகளில் சுவீடனிலும் தொழிற்சங்கங்களையும் முதலாளிமார் சம்மேளனத்தையும் சேர்ந்த மூன்று பொருளியலாளர்கள் இதையே அந்த நாட்டுக்குப் பொருத்தி எழுதினார்கள். ஏழை நாடுகளில் முடி வெட்டும் கூலி ஏன் குறைவு, பணக்கார நாடுகளில் ஏன் அதிகம் என்ற கேள்விக்கு பேலா பலாசா, போல் சாமுவேல்சன் ஆகிய இருவரும் 1964 ஆம் ஆண்டில் தனித்தனியே சொன்ன விடையும் இதன் உறவுதான்.

நோர்வேக்காரர்கள் இதைப் புத்தகத்தில் மட்டும் வைத்திருக்கவில்லை. அங்கே சம்பளப் பேச்சு வரும்போது ஏற்றுமதிப் போட்டியில் நிற்கும் கைத்தொழில்தான் முதலில் பேசி முடிக்கிறது. அதில் முடிவாகும் அளவை ஒட்டியே அரசாங்க உத்தியோகம், கடை, வைத்தியசாலை எல்லாம் பிறகு பேசுகின்றன. உலகச் சந்தையில் பிழைக்கக் கூடிய அளவுக்கு மேல் நாட்டில் சம்பளம் ஏறக்கூடாது என்பது அவர்களின் எண்ணம்.

நமது நாட்டில் முன்வாசல் எது?

இலங்கையில் சம்பளத்தை முன்னின்று இழுத்தது பல காலமாக ஏற்றுமதித் துறை அல்ல. வேறு மூன்று வாசல்கள் வழியாக அது ஏறியது.

முதலாவது அரசாங்கம். 2015 ஜனவரியில் வந்த இடைக்கால வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியருக்கு மாதம் 10,000 ரூபா கூட்டப்பட்டது நினைவிருக்கும். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட அரச ஊழியர்கள் உள்ள நாட்டில் அது சிறிய தொகையல்ல. அந்த உத்தியோகத்தர்கள் நமது வாடிக்கையாளர்கள். ஆகவே நமக்கும் வியாபாரம் கூடியது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பணம் ஒரு சட்டையைக்கூட மேலதிகமாக வெளிநாட்டுக்கு விற்றுச் சம்பாதித்ததல்ல.

இரண்டாவது வெளிநாட்டு உழைப்பு. 2014 ஆம் ஆண்டில் நமது ஆட்கள் வெளிநாடுகளிலிருந்து அனுப்பிய பணம் ஏறக்குறைய 7 பில்லியன் டொலர். நமது ஊர்களில் எழுந்த மாடி வீடுகள் பலவற்றின் அத்திவாரம் அந்தப் பணம்தான். வீட்டுக்கு வரும் பணத்தில் தொலைக்காட்சிப் பெட்டியும் வாங்குகிறார்கள், மேசனையும் பிடிக்கிறார்கள், காணியும் வாங்குகிறார்கள். தொலைக்காட்சிக்கு ஆட்கள் கூடினால் இன்னொரு கொள்கலன் வந்துவிடும், விலை ஏறாது. ஆனால் காணியைக் கப்பலில் கொண்டுவர முடியாது. மேசனையும் ஒரே மாதத்தில் உருவாக்க முடியாது. ஆகவே காணி விலையும் மேசன் கூலியும் ஏறுகின்றன. மேசன் கூலி ஏறினால் தோட்டத்துக்கும் வயலுக்கும் ஆள் கிடைப்பதில்லை.

மூன்றாவது கடன். 2007 ஆம் ஆண்டில் இலங்கை முதன்முறையாக உலகச் சந்தையில் 500 மில்லியன் டொலர் பிணைமுறி விற்றது. அதன் பிறகு அது பழக்கமாகிவிட்டது. கடன் வாங்கிய டொலர் நாட்டுக்குள் வந்து வீதியாகவும் கட்டடமாகவும் மாறியது. கட்டடம் ஊர் விலைத் துறை. அங்கே சம்பளம் ஏறியது.

வெளியிலிருந்து இப்படி டொலர் கொட்டும்போது ஊர் விலைகள் ஏறி, ஏற்றுமதித் தொழில் நசுங்குவதற்குப் பொருளியலில் டச்சு நோய் என்று பெயர். நெதர்லாந்தில் 1959 ஆம் ஆண்டு பெரும் எரிவாயு வளம் கண்டுபிடிக்கப்பட்ட பின் அங்கே மற்றக் கைத்தொழில்கள் தளர்ந்ததைப் பார்த்து 1977 ஆம் ஆண்டில் ஒரு பிரித்தானிய சஞ்சிகை வைத்த பெயர் அது. அதே 1977 ஆம் ஆண்டில்தான் நமது நாடும் திறந்த பொருளாதாரத்துக்குள் காலடி வைத்தது. அதன் பின் மகாவலித் திட்டத்துக்கு வந்த வெளிநாட்டு உதவிப் பணத்தால் கட்டட வேலை பெருகியதையும் கூலியும் விலைவாசியும் ஏறியதையும் மூத்த வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

நசுங்கியவர்கள் யார்?

தேயிலைத் தோட்டத்தைப் பாருங்கள். மேசன் கூலி ஏறினால் மேசன் வீட்டுக்காரரிடம் வாங்கிக்கொள்வார். கடை வாடகை ஏறினால் நாம் சேலையில் கொஞ்சம் போடுவோம். தோட்டக்காரர் யாரிடம் போடுவார்? தேயிலை கொழும்பு ஏலத்தில் விற்கிறது. வாங்குபவர் கென்யாத் தேயிலையின் விலையையும் பார்த்துக்கொண்டுதான் கை தூக்குவார். தோட்டத் தொழிலாளிக்கு 1,000 ரூபா நாட்சம்பளம் என்பது ஆண்டுக்கணக்கில் இழுபட்டு 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்ததற்கு அரசியல் காரணங்களோடு இந்தக் கணக்கும் ஒரு காரணம். அந்தத் தொழிலாளி கேட்டது நியாயம். அரிசியும் பிள்ளையின் படிப்பும் பஸ் கூலியும் அவளுக்கும்தான் ஏறியிருந்தன. ஆனால் அவள் பறிக்கும் கொழுந்தின் விலையை ஊர் வைப்பதில்லை. ஊர் விலையில் செலவு, உலக விலையில் வரவு. இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டவள் அவள்.

இந்த நெரிசலைப் பார்த்த முதலாளிமார் என்ன செய்வார்கள்? உலகத்தோடு போட்டி போடுவதை விட ஊருக்குள் விற்பதே சுகம் என்று முடிவெடுப்பார்கள். இறக்குமதிக்கு செஸ் வரி, துறைமுக விமான நிலைய வரி என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஏறியபோது உள்ளூரில் ஓடும் பிஸ்கட்டும் செய்பவர்களுக்கு நல்ல நிழல் கிடைத்தது. உலக விலைப் பொருளாக இருந்தது மெல்ல ஊர் விலைப் பொருளாக மாறியது. விளைவைக் கணக்கில் பாருங்கள். 2000 ஆம் ஆண்டில் பொருட்களும் சேவைகளுமாக நமது ஏற்றுமதி மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 39 வீதம். 2015 ஆம் ஆண்டில் அது 21 வீதமளவுக்கு இறங்கிவிட்டது. கடைகள் பெருகின, வாடகைகள் ஏறின, வீதிகள் மின்னின. ஆனால் டொலர் உழைக்கும் பகுதி சுருங்கியது.

நாம் அதைச் செழிப்பு என்று நினைத்தோம். நான் இரண்டாவது கடையை எடுத்ததும் அந்தக் காலத்தில்தான். ஊரே ஒருவருக்கொருவர் விற்றுக்கொண்டிருந்தோம். வெளியே விற்பவர் எத்தனை பேர் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

2022: கணக்கு திரும்பியது

இப்படிப்பட்ட நிலை எப்படி முடியும் என்பதை அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த டிரெவர் சுவான், வில்ஃப்ரெட் சோல்டர் ஆகிய பொருளியலாளர்கள் 1950களிலேயே ஆராய்ந்திருந்தார்கள். உழைப்பதை விட நாடு அதிகமாகச் செலவழித்தால் இரண்டு மருந்துகள் சேர்ந்து தேவைப்படும். ஒன்று செலவு குறைய வேண்டும். மற்றது, உலக விலைப் பொருட்கள் ஊர் விலைகளோடு ஒப்பிடும்போது ஏற வேண்டும். அப்போதுதான் மக்கள் இறக்குமதியைக் குறைப்பார்கள், முதலாளிமாரும் ஏற்றுமதிப் பக்கம் திரும்புவார்கள். மருந்தை நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்காவிட்டால் ஒரே நாளில் முழுப் போத்தலையும் குடிக்க வேண்டி வரும்.

நமக்கு அதுதான் நடந்தது. 2021 செப்டம்பர் முதல் டொலர் 200 - 203 ரூபாவில் பிடித்து வைக்கப்பட்டது. 2022 மார்ச் 7 இல் பிடி தளர்த்தப்பட்டது. மே மாதத்தில் டொலர் 360 ரூபாவைத் தொட்டது. ஏப்ரல் 8 இல் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதத்தை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம். உணவு மட்டும் 94.9 வீதம்.

அந்த ஆண்டில் எந்த விலை பாய்ந்தது, எது நின்றது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். மா, பால்மா, பெற்றோல், இரும்புக் கம்பி, துணி எல்லாம் பாய்ந்தன. கடை வாடகை அந்த அளவுக்குப் பாயவில்லை. சம்பளம் பாயவில்லை. சீமெந்து விலையால் வீட்டு வேலைகள் நின்றதால் மேசன் கூலியைக் கூட்டிக் கேட்கவே முடியாத நிலை. மருந்து வேலை செய்தது உண்மை. ஆனால் அதன் கசப்பைக் குடித்தவர்கள் சம்பளம் வாங்குபவர்கள். 2022 ஆம் ஆண்டில் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை தேடி வெளிநாடு போனார்கள். என் கடையில் எட்டு வருடம் நின்ற தம்பியும் அவர்களில் ஒருவர். அவரைப் பிடித்து வைக்க என்னிடம் ஒரு நியாயமும் இருக்கவில்லை.

நான் செய்த பிழை

இனி என் கதை. 2022 இல் நோன்பு ஏப்ரல் ஆரம்பத்தில் தொடங்கியது. பெருநாள் வியாபாரத்துக்கான சரக்கில் பெரும் பகுதியை டொலர் 203 ஆக இருந்தபோதே எடுத்திருந்தேன். டொலர் ஏறியதும் ஊரில் துணி தட்டுப்பட்டது. ஆட்கள் வந்து குவிந்தார்கள். வரிகளை விட்டுவிட்டு உதாரணத்துக்குச் சொல்கிறேன். 10 டொலர் சேலை எனக்கு 2,030 ரூபா. அதை 2,800 ரூபாவுக்கு விற்றேன். ஒரு சேலையில் 770 ரூபா இலாபம். முப்பது வருட வியாபாரத்தில் அப்படி ஒரு பெருநாள் பார்த்ததில்லை என்று வீட்டில் சொன்னேன்.

பெருநாள் முடிந்து மறுபடி சரக்கு எடுக்கப் புறக்கோட்டைக்குப் போனேன். அதே 10 டொலர் சேலை 3,600 ரூபா. பத்துச் சேலை விற்ற காசில் எட்டுச் சேலைகூட வாங்க முடியவில்லை. நான் இலாபம் என்று எழுதி வைத்தது உண்மையில் என் முதல். அதில் ஒரு பகுதியைச் செலவழித்தும் விட்டேன். உலக விலைப் பொருளை ஊர் விலைப் பொருள் போல, வாங்கிய விலையைப் பார்த்து விற்றதுதான் என் பிழை.

அடுத்த வருடம் அதே பிழையை மறுபக்கமாகச் செய்தேன். இனி டொலர் இறங்காது என்று பயந்து கையிலிருந்த காசுக்கெல்லாம் சரக்கு நிரப்பினேன். 2023 மார்ச்சில் ரூபா வலுவடையத் தொடங்கியது. 2024 முடிவில் டொலர் 300 ரூபாவுக்கும் கீழே வந்துவிட்டது. நான் 3,600 ரூபாவுக்கு எடுத்ததை, புதிதாக இறக்கியவர் 3,400 ரூபாவுக்கு இலாபத்தோடு விற்றார். வாடிக்கையாளரிடம் என் பழைய பில்லைக் காட்டி என்ன பயன்?

இரண்டாவது அலை

இங்கேதான் பல வியாபாரிகள் குழம்பினார்கள். 2024 செப்டம்பர் முதல் 2025 ஜூலை வரை கொழும்பு விலைச் சுட்டியில் பணவீக்கம் பூச்சியத்துக்கும் கீழே இருந்தது. மின்சாரக் கட்டணமும் எரிபொருளும் இறங்கின. ரூபா வலுத்தது. பத்திரிகை விலை குறைகிறது என்கிறது, ஆனால் என் செலவு ஏன் குறையவில்லை என்று ஒரு நண்பர் கேட்டார்.

இதுவும் அதே பாடம்தான். 2022 இல் உலக விலைகள் முதலில் பாய்ந்தன, சம்பளம் பின்னால் நின்றது. பின்னால் நின்றது பிறகு மெல்ல மெல்ல எட்டிப் பிடிக்கப் பார்க்கும். சட்டப்படியான தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளத்தைப் பாருங்கள். 2016 இல் 10,000 ரூபா. 2021 இல் 12,500. 2024 இல் 17,500. 2025 ஏப்ரல் முதல் 27,000. 2026 ஜனவரி முதல் 30,000. சட்டம் இருக்கட்டும், வெளிநாடு போனவர்களின் இடத்தை நிரப்ப ஆள் தேடுபவர்களுக்கு உண்மை நிலை தெரியும். சம்பளம் ஏறினால் முடி வெட்டும் கூலியும் வாடகையும் மேசன் கூலியும் பின்னால் ஏறத்தான் செய்யும். உலக விலை இறங்கும் நேரத்திலேயே ஊர் விலை ஏறலாம். சராசரி பூச்சியம் என்பதால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை.

சில்லறைக் கடைக்கு இது இரட்டை நெரிசல். டொலர் நிலையாக இருந்தால் சேலையின் விலையைக் கூட்ட முடியாது. பக்கத்துக் கடையும் அதே விலைக்கு எடுக்கிறது. ஆனால் சம்பளமும் வாடகையும் கூடுகின்றன. தோட்டக்காரர் பல வருடம் அனுபவித்ததை இப்போது நாமும் கொஞ்சம் ருசி பார்க்கிறோம்.

நாம் என்ன செய்யலாம்?

ஒன்று: கணக்குக் கொப்பியில் செலவை இரண்டு நிரலாக எழுதுங்கள். டொலரோடு ஆடும் செலவு ஒரு நிரலில், சம்பளத்தோடு ஆடும் செலவு மறு நிரலில். எனது கடையில் இதைச் செய்து பார்த்தபோதுதான் நூறு ரூபாவில் எத்தனை ரூபா டொலர் கையில், எத்தனை ரூபா ஊர் கையில் என்று முதன்முறையாகத் தெரிந்தது. பேக்கரிக்காரருக்கும் ஹாட்வெயார்காரருக்கும் இந்தப் பங்கு வேறு வேறாக வரும்.

இரண்டு: உலக விலைச் சரக்கில் இலாபம் பார்க்கும்போது வாங்கிய விலையை மட்டும் பார்க்காதீர்கள். அதே சரக்கை மறுபடி வாங்க எவ்வளவு தேவை என்று பாருங்கள். அந்தத் தொகையை எடுத்து வைத்த பிறகு மிஞ்சுவதுதான் செலவழிக்கக் கூடிய இலாபம். நான் சொல்வது உங்கள் கணக்கைப் பற்றி. தட்டுப்பாட்டைக் காட்டி வாடிக்கையாளரைப் பிழிவதற்கு இதைச் சாட்டாக எடுக்க வேண்டாம். டொலர் இறங்கும் காலத்தில் சரக்கைக் குறைவாக எடுத்து வேகமாகத் திருப்புங்கள். பழைய விலையைப் பிடித்துக்கொண்டு நின்றால் காசும் முடங்கும், வாடிக்கையாளரும் போய்விடுவார்.

மூன்று: சம்பளம் ஏறுவதைத் தடுக்க நினைக்காதீர்கள், அது நம் கையில் இல்லை. நாம் போட்டி போடுவது பக்கத்துக் கடையோடு மட்டுமல்ல, கட்டாரோடும் ஆடைத் தொழிற்சாலையோடும்தான். ஓர் ஆள் ஒரு நாளில் செய்யும் வேலையின் பெறுமதியைக் கூட்டுவதுதான் நம் கையில் உள்ளது. மூன்று பேர் நிற்கும் இடத்தில் வேலை தெரிந்த இருவரை வைத்து, மூன்றாமவரின் சம்பளத்தில் பாதியை அந்த இருவருக்கும் பிரித்துக் கொடுங்கள். இருவரும் நிலைப்பார்கள், உங்களுக்கும் மிஞ்சும். இதற்காக யாரையும் வீட்டுக்கு அனுப்பத் தேவையில்லை. ஒருவர் தானாக விலகும்போது அந்த இடத்தை நிரப்புமுன் யோசித்தால் போதும். சரக்குக் கணக்கைக் கணினியில் போட்டால் தேடுகிற நேரம் மிஞ்சும். சலூனை விடக் கடைக்கு இந்த வசதி கூடுதலாக உண்டு.

நான்கு: ஊரில் காணியும் வாடகையும் கடகடவென்று ஏறும்போது அந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். ஏற்றுமதியால் வருகிறதா, நமது பிள்ளைகளின் வெளிநாட்டு வியர்வையா, கடனா? கடன் என்றால் அது ஒரு நாள் திரும்பும். அந்த நேரத்தில் நீண்ட கால வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். என் இரண்டாவது கடையை 2023 இல் மூடினேன். அந்தப் பாடத்துக்கு நான் கட்டிய கட்டணம் அது.

ஐந்து: முடிந்தவர்கள் வருமானத்தில் சிறு பங்கையாவது டொலரில் உழைக்கப் பாருங்கள். பேருவளையில் இரத்தினக்கல் வியாபாரிகள் தலைமுறைகளாக உலக விலையில் நின்றுதான் பிழைக்கிறார்கள். கறுவா, மிளகு, கராம்பு போன்றவற்றைச் சேர்த்து ஏற்றுமதியாளருக்குக் கொடுப்பவர்களும் அப்படியே. ரூபா விழும் நாளில் துணிக்கடை அழும்போது அவர்களின் வரவு ரூபாவில் கூடுகிறது. ஒரே குடும்பத்தில் ஒருவர் இறக்குமதிப் பக்கமும் ஒருவர் ஏற்றுமதிப் பக்கமும் நின்றால், ஒரு பக்கம் விழும்போது மறு பக்கம் தாங்கும்.

போன கிழமை சலூனில் உட்கார்ந்தபோது அந்தத் தம்பிக்கு விடை சொன்னேன். "தம்பி, கல்குலேட்டருக்கு விலை வைக்கிறது உலகம். உங்கட கூலிக்கு விலை வைக்கிறது, உங்களுக்கு வேறெங்கேயும் கிடைக்கக் கூடிய சம்பளம். இயந்திரம் முன்னேற முன்னேற அது மலியும், இது ஏறும்" என்றேன்.

அவர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நானா, என்ட பொடியனுக்கும் வெளிநாட்டுல கூடக் குடுத்தா அவனும் போயிடுவான்தானே?" என்று கேட்டார். பக்கத்து நாற்காலியில் முடி வெட்டிக்கொண்டிருந்த அந்த இளைஞன் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்தான். அடுத்த மாதம் அவனுக்குச் சம்பளம் கூட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். முடி வெட்டும் கூலியும் ஐம்பது ரூபா கூடியிருக்கிறது. இம்முறை நான் பேரம் பேசவில்லை.